தன் குற்றத்தைப் பாடமாக வைத்த நாடு

நம் ஊரில் பாடநூல் சர்ச்சை எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் ஜெர்மனியைச் சாட்சிக்கு அழைப்பார். ஹிட்லர் காலத்துக் கொடுமைகளை ஒளிக்காமல் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் நாடு அது என்பார். அது உண்மைதான். ஆனால் அந்த நிலைக்கு ஜெர்மனி எப்படி வந்து சேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. 1945 மே மாதம் போர் முடிந்ததும் ஆசிரியர்கள் மனம் திருந்தி, மறுநாளே உண்மையை நடத்தத் தொடங்கினார்கள் என்பது போன்ற ஒரு சித்திரம் நம்மிடம் இருக்கிறது. அப்படி எதுவும் நடக்கவில்லை. முழுதாக முப்பது ஆண்டுகள் பிடித்தன. அரசு தானாக முன்வந்து கொடுத்தது கொஞ்சம்தான். வெளியுலகத்தின் முன் நேர்ந்த அவமானமும், அண்டை நாட்டு வரலாற்றாசிரியர்களும், பிடிவாதக்கார மாணவர்களும் சேர்ந்து வாங்கித் தந்ததே அதிகம். அப்படிக் கிடைத்தவற்றுள் மிகச் சிறந்தது குற்ற உணர்ச்சி அல்ல, ஆவணத்தை எடுத்து மாணவர் கையில் கொடுக்கும் ஒரு முறை. அந்த முறை இன்று நாலாபுறமும் நெருக்கப்படுகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் கல்வி மாநிலங்களின் அதிகாரம். 16 மாநிலங்களுக்கும் 16 பாடத்திட்டங்கள். மாநிலக் கல்வி அமைச்சர்கள் கூடிப் பேசுவதற்கு 1948 முதல் ஒரு நிரந்தர மாநாடு இருக்கிறது. மத்திய அரசு ஒரு பாடநூலை அச்சிட்டு நாடு முழுவதும் அனுப்புவது அங்கே நினைத்துப் பார்க்க முடியாத காரியம். நூல்களைத் தனியார் பதிப்பகங்கள் போட்டிபோட்டு எழுதுகின்றன. பல மாநிலங்களில் அரசு ஒப்புதல் வேண்டும், பெர்லின், ஹாம்பர்க் போன்ற இடங்களில் அதுவும் தேவையில்லை. எல்லாரும் ஒரே வகைப் பள்ளிக்கும் போவதில்லை. பல்கலைக்கழகத்துக்கு வழிகாட்டும் கிம்னாசியும், இடைநிலையான ரியால்ஷூலே, பல தரத்தினரும் சேர்ந்து படிக்கும் ஒருங்கிணைந்த பள்ளி என்று பாதைகள் பிரிகின்றன. பவேரியாவில் கிம்னாசியும் மாணவருக்கு வரலாறு ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. பெர்லினில் ஆறாம் வகுப்பு வரை அது தனிப்பாடமே அல்ல. பொதுவாக வாரத்துக்கு இரண்டு பாடவேளை, சில வகுப்புகளில் ஒன்றுதான். கற்காலத்தில் தொடங்கி, ரோம், இடைக்காலம், பிரெஞ்சுப் புரட்சி என்று ஏறி, ஒன்பதாம் அல்லது பத்தாம் வகுப்பில் நாஜி ஆட்சிக்கு வருவதே பழகிய வரிசை.

இந்தப் பாடம் பிறந்தபோது அதற்கு வைக்கப்பட்ட நோக்கம் வேறு. 1890 டிசம்பரில் பெர்லினில் கூடிய பள்ளிக் கல்வி மாநாட்டில் இரண்டாம் வில்ஹெல்ம் பேரரசரே எழுந்து பேசினார். பள்ளிகள் இளம் கிரேக்கர்களையும் ரோமானியர்களையும் அல்ல, இளம் ஜெர்மானியர்களை வளர்க்க வேண்டும் என்றார். சோசலிசத்தை எதிர்க்கும் ஆயுதமாக வரலாற்று வகுப்பைப் பயன்படுத்துவது அவர் எண்ணம். 1933-இல் ஆட்சிக்கு வந்த நாஜிகள் அதே ஆண்டிலேயே வரலாற்றுப் பாடநூல்களுக்குப் புதிய நெறிமுறைகளை வெளியிட்டார்கள். இனமும் தலைவரும் மையமானார்கள். அவர்கள் வெறுமையிலிருந்து தொடங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விசுவாசத்தை ஊட்டும் பாடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. யாருக்கு விசுவாசம் என்பதை மட்டும் மாற்றினால் போதுமாக இருந்தது.

போர் முடிந்ததும் நேச நாடுகள் செய்த முதல் வேலைகளுள் ஒன்று நாஜி காலத்துப் பாடநூல்களைத் திரும்பப் பெற்றது. வரலாற்றுப் பாடமே சில காலம் பல இடங்களில் நிறுத்திவைக்கப்பட்டது. 1946 டிசம்பரில் ஹெஸ்ஸன் மாநிலம் இயற்றிய அரசியல் சட்டத்தில் வரலாற்று வகுப்புக்கென்றே ஒரு விதி எழுதப்பட்டது. கடந்த காலத்தைத் திரிக்காமல் சொல்ல வேண்டும், மனித குலத்துக்கு நன்மை செய்தவர்களும் நாகரிகத்தின் வளர்ச்சியும் முன்னிற்க வேண்டும், தளபதிகளும் போர்களும் அல்ல என்பது அதன் சாரம். ஒரு மாநிலத்தின் அரசியல் சட்டத்துக்குள் வரலாற்று ஆசிரியருக்கான கட்டளை இடம்பெற்றது எவ்வளவு பெரிய காயத்தின் அடையாளம்!

சட்டம் எழுதியாகிவிட்டது, ஆனால் வகுப்பில் நின்ற ஆசிரியர் பழையவர். 1950-களின் மேற்கு ஜெர்மனியில் பல வகுப்புகள் பிஸ்மார்க்கோடு முடிந்தன. அதைத் தாண்டிய நூல்களும் எல்லாப் பழியையும் ஹிட்லர் ஒருவர் தலையில் சுமத்தின. யூதர்களின் அழிப்பு சில வரிகளில் கடந்துபோனது. செய்தவர் யார், பார்த்துக்கொண்டிருந்தவர் யார் என்ற கேள்வி எழவில்லை. எழுந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் ஆசிரியர் அறையிலும் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இருந்தார்கள்.

1959 கிறிஸ்துமஸ் இரவில் கொலோன் நகரின் யூத ஆலயச் சுவரில் ஸ்வஸ்திகாவும் வசைகளும் தீட்டப்பட்டன. அதைத் தொடர்ந்து நாடெங்கும் அதே போன்ற நூற்றுக்கணக்கான சம்பவங்கள். உலகப் பத்திரிகைகள் எழுதின, ஜெர்மனி தலைகுனிந்தது. 1960-இல் கல்வி அமைச்சர்கள் கூடி, அண்மைக்கால வரலாற்றைப் பள்ளியில் கட்டாயம் நடத்த வேண்டும் என்றார்கள். 1962-இல் சர்வாதிகாரத்தை எப்படி நடத்துவது என்பதற்கு நெறிமுறை வந்தது. ஆனால் அது பனிப்போர்க் காலம். நாஜிசத்தையும் கம்யூனிசத்தையும் ஒரே தட்டில் வைத்து, எதிரி கிழக்கே இருக்கிறான் என்று சொல்லிக்கொடுக்கவும் அந்த நெறிமுறை வசதியாக இருந்தது.

கிழக்கே, கம்யூனிஸ்ட் ஜெர்மனியில், கதை வேறு. அங்கே ஒரே பாடத்திட்டம், ஒரே நூல். 1963 முதல் 1989 வரை மார்கோட் ஹோனெக்கரே கல்வி அமைச்சர். நாஜிசம் முதலாளித்துவத்தின் விளைவு, அதை வீழ்த்தியவர்கள் கம்யூனிஸ்டுகள், அவர்களின் வாரிசு நம் அரசு என்பது அந்தப் பாடத்தின் எலும்புக்கூடு. அப்படிச் சொன்னதில், நாஜிகளின் குற்றத்துக்குக் கிழக்கு ஜெர்மானியக் குடும்பங்கள் பதில் சொல்ல வேண்டியதே இல்லை என்றாகிவிட்டது. நாஜிகளின் பூஹென்வால்ட் வதைமுகாம் 1958-இல் பெரிய நினைவிடமாகத் திறக்கப்பட்டது. அங்கே அழைத்துச் செல்லப்பட்ட பள்ளிப் பிள்ளைகள் கம்யூனிஸ்ட் தியாகிகளைப் பற்றியே அதிகம் கேட்டார்கள், யூதர்கள் ஓரத்தில் நின்றார்கள். இரண்டு ஜெர்மனிகளும் இரண்டு விதமாகத் தப்பித்துக்கொண்டன என்பதே என் தீர்ப்பு.

மேற்கில் உடைப்பு 1970-களில் வந்தது. 1972-இல் ஹெஸ்ஸனின் கல்வி அமைச்சர் லுட்விக் ஃபான் ஃப்ரீடபுர்க், வரலாற்றையும் புவியியலையும் சமூகப் பாடத்தையும் ஒன்றாக்கும் புதிய நெறிமுறையைக் கொண்டுவந்தார். சமூகத்தில் மோதல் இயல்பானது, மாணவர் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெற்றோர் கொதித்தார்கள், பேராசிரியர்கள் எதிர்த்து எழுதினார்கள், தேர்தல் மேடைவரை விவகாரம் போனது. இடதுசாரிகள் பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. இத்தனை நாள் நீங்கள்தானே பிடித்து வைத்திருந்தீர்கள் என்றது மறுதரப்பு. 1974-இல் அமைச்சர் பதவி விலகினார்.

அந்தச் சண்டையின் புழுதி அடங்காத 1976-இல், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தின் பாய்ட்டல்ஸ்பாக் என்ற சிற்றூரில் எதிரெதிர் முகாம்களைச் சேர்ந்த கல்வியாளர்கள் கூடினார்கள். அவர்கள் எந்தத் தீர்மானத்துக்கும் கையெழுத்திடவில்லை. பேச்சில் எல்லாரும் ஒத்துக்கொண்டதாகத் தெரிந்த மூன்று விஷயங்களை ஹான்ஸ்-கியோர்க் வேலிங் என்பவர் பின்னர் எழுதி வைத்தார். முதலாவது, ஆசிரியர் தன் கருத்தை மாணவர் மேல் திணித்து அவரை மூச்சுமுட்ட வைக்கக் கூடாது. அடுத்தது, ஆய்வுலகிலும் அரசியலிலும் சர்ச்சைக்குரியதாக இருப்பதை வகுப்பிலும் சர்ச்சைக்குரியதாகவே காட்ட வேண்டும். மூன்றாவது, மாணவர் தன் நிலையையும் நலனையும் தானே ஆராய்ந்து செயல்படும் திறனைப் பெற வேண்டும். அரசியல் கல்விக்காகச் சொல்லப்பட்ட இந்த மூன்றும் மெல்ல வரலாற்று வகுப்பின் எழுதாச் சட்டமாயின. எந்தச் சட்டமன்றமும் இயற்றாத ஒன்று ஐம்பது ஆண்டுகளாக ஒரு நாட்டின் ஆசிரியர்களைக் கட்டிப்போட்டிருக்கிறது.

மறு ஆண்டே இன்னோர் அதிர்ச்சி. டீட்டர் போஸ்மன் என்ற கல்வியாளர், ஹிட்லரைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதை எழுதுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டு, 3000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரட்டினார். அவற்றிலிருந்து 1977-இல் வெளியான தொகுப்பைப் படித்தவர்கள் திடுக்கிட்டார்கள். அடிப்படைத் தகவல்களே பல பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. 1979 ஜனவரியில் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓடியது. சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். பள்ளி செய்யாததை நான்கு இரவுகளில் ஒரு தொலைக்காட்சித் தொடர் செய்தது. வீடுகளில் பிள்ளைகள் தாத்தாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.

அப்படிக் கேட்டவர்களுள் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1973-இல் குடியரசுத் தலைவர் குஸ்டாஃப் ஹைனமனும் ஹாம்பர்க் தொழிலதிபர் குர்ட் கோர்பரும் பள்ளி மாணவர்களுக்கு ஒரு வரலாற்றுப் போட்டியைத் தொடங்கினார்கள். உங்கள் ஊரின் வரலாற்றை நீங்களே தோண்டுங்கள் என்பதுதான் போட்டி. இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் கலந்துகொண்டிருக்கிறார்கள். 1980-81 போட்டியின் பொருள் நாஜி ஆட்சியில் அன்றாட வாழ்க்கை. பவேரியாவின் பாஸாவ் நகரைச் சேர்ந்த அன்னா ரோஸ்முஸ் என்ற இளம்பெண் தன் ஊரைப் பற்றி எழுதத் துணிந்தார். தங்கள் ஊர் நாஜிகளுக்கு அடங்காமல் இருந்தது என்றே ஊரார் நம்பியிருந்தார்கள். பழைய நாளிதழ்களையும் கோப்புகளையும் புரட்டப் புரட்ட, ஊரில் மதிப்போடு உலவிய பெரிய மனிதர்களின் பெயர்கள் வந்தன. ஆவணக் காப்பகக் கதவுகள் சாத்தப்பட்டன. அவர் நீதிமன்றம் போனார். மிரட்டல்கள் வந்தன. விடாமல் 1983-இல் புத்தகமாகவே வெளியிட்டார். இந்தக் கதையைத் தழுவி மிஷாயெல் ஃபெர்ஹோஃபன் 1990-இல் எடுத்த படம் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. ஜெர்மனி தன் வரலாற்றை எதிர்கொண்டது என்று நாம் பொதுவாகச் சொல்லும்போது, அதற்கான விலையைப் பெரும்பாலும் இப்படித் தனி மனிதர்கள் கொடுத்தார்கள் என்பது மறைந்துபோகிறது.

இப்போது வகுப்புக்குள் போவோம். 1933 மார்ச் 23. ஹிட்லருக்கு எல்லா அதிகாரமும் தரும் சட்டம் பெர்லின் க்ரோல் ஓபரா அரங்கில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அரங்கில் சீருடையணிந்த நாஜிக் குண்டர்கள் நிற்கிறார்கள். கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் இடங்கள் ஏற்கெனவே பறிக்கப்பட்டுவிட்டன. சமூக ஜனநாயகக் கட்சியின் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசுகிறார். ஆதரவு 444, எதிர்ப்பு 94. முந்தைய நாள்தான் டாஹாவில் சித்திரவதை முகாம் திறக்கப்பட்டிருந்தது.

நம் ஊர்ப் பாணியில் இது ஐந்து மதிப்பெண் வினா. நான்கு காரணம், மூன்று விளைவு, முடிந்தது. ஜெர்மன் மேல்நிலை மாணவருக்கு வெல்ஸின் உரையே தாளில் தரப்படும். கூடவே மூன்று வேலைகள். முதலில் ஆவணத்தை அலசு: யார், எப்போது, யாரிடம், என்ன நோக்கத்தில் பேசினார், வாதம் எப்படிப் போகிறது. அடுத்து, அதை அதன் காலத்தில் பொருத்து: நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது, தேர்தல் நடந்தது, கைதுகள் நடந்தன. மூன்றாவதாகத் தீர்ப்புச் சொல்: கத்தோலிக்க மையக் கட்சி ஆதரித்து வாக்களித்ததை எப்படி மதிப்பிடுகிறாய்? இந்தத் தீர்ப்பிலும் இரண்டு படி உண்டு. அன்றைய மனிதருக்குத் தெரிந்திருந்தவற்றை வைத்து அவர் செயலை எடைபோடுவது ஒன்று, இன்றைய நம் மதிப்பீடுகளை வைத்து எடைபோடுவது இன்னொன்று. இரண்டையும் குழப்பினால் மதிப்பெண் குறையும். இந்தப் பாகுபாட்டை வகுத்துத் தந்தவர்களுள் வரலாற்றுக் கல்வியாளர் கார்ல்-எர்ன்ஸ்ட் யைஸ்மன் முக்கியமானவர். நினைவாற்றலுக்கு இந்த விடைத்தாளில் வேலை உண்டு, ஆனால் முதலிடம் இல்லை. கைடு வாங்கி மனப்பாடம் செய்து இதில் தேற முடியாது.

வகுப்புக்கு வெளியேயும் பாடம் நடக்கிறது. பவேரியாவில் கிம்னாசியும், ரியால்ஷூலே மாணவர்கள் ஒரு முகாம் நினைவிடத்துக்குச் சென்று வருவது கட்டாயம். கொலோன் கலைஞர் குன்டர் டெம்னிக், நாஜிகளின் கொடுமைக்கு ஆளானவர்கள் கடைசியாக விரும்பி வாழ்ந்த வீட்டு வாசலில் பத்து சென்டிமீட்டர் பித்தளைத் தகட்டுக் கல் பதிக்கிறார். 2023-இல் அவை ஒரு லட்சத்தைத் தொட்டன. அந்தக் கற்கள் பலவற்றுக்குப் பின்னால் முகவரிப் பதிவேடுகளையும் நாடுகடத்தல் பட்டியல்களையும் தேடிப் படித்த பள்ளி மாணவர்களின் உழைப்பு இருக்கிறது.

ஜெர்மனியிடம் நான் மிகவும் மதிப்பது இன்னொன்று, எதிரியோடு உட்கார்ந்து பாடநூல் எழுதியது. பிரவுன்ஷ்வைக் நகரில் 1951-இல் கியோர்க் எக்கர்ட் என்ற வரலாற்றாசிரியர் சர்வதேசப் பாடநூல் ஆய்வுக்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் பிரான்ஸோடு பேசினார்கள். ஒருவர் நூலை மற்றவர் படித்து, எங்கே பகை ஊட்டப்படுகிறது என்று குறித்தார்கள். கடினமானது போலந்து. போரில் அறுபது லட்சம் போலந்துக் குடிமக்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், அவர்களுள் பாதிப் பேர் யூதர்கள். மறுபக்கம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் துரத்தப்பட்டிருந்தார்கள். மேற்கு ஜெர்மன் பிரதமர் வில்லி பிரான்ட் வார்சாவில் மண்டியிட்டது 1970 டிசம்பரில். 1972-இல் இருநாட்டுப் பாடநூல் ஆணையம் தொடங்கியது, 1976-இல் பரிந்துரைகள் வந்தன. துரத்தப்பட்ட ஜெர்மானியர்களின் சங்கங்கள் மேற்கில் கடுமையாக எதிர்த்தன. போலந்து அதிகாரிகளைச் சோவியத் அரசு கொன்ற கத்தின் படுகொலை போன்று, கம்யூனிஸ்ட் போலந்தில் பேச முடியாதவை அந்த ஆவணத்தில் இல்லை. குறையுள்ள ஆவணம்தான். ஆனாலும் பேச்சு நிற்கவில்லை. பிரான்ஸும் ஜெர்மனியும் சேர்ந்து எழுதிய மேல்நிலை வரலாற்று நூலின் முதல் பகுதி 2006-இல் வந்தது. அந்த யோசனை 2003-இல் பெர்லினில் கூடிய இருநாட்டு இளைஞர் மன்றத்திலிருந்து எழுந்தது. போலந்தோடு சேர்ந்து எழுதிய நான்கு பாக நூல் 2016-இல் தொடங்கி 2020-இல் நிறைவுற்றது. இந்த நூல்களைப் பயன்படுத்தும் பள்ளிகள் குறைவு என்பது உண்மை. ஆனால் எழுத முடியும் என்று காட்டியதே பெரிய காரியம்.

இவ்வளவு செய்த நாட்டில் மாணவர்களுக்கு என்ன தெரிகிறது? கோர்பர் அறக்கட்டளைக்காக 2017-இல் நடந்த கருத்துக்கணிப்பில், 14 வயதும் அதற்கு மேலும் ஆன மாணவர்களில் 59 விழுக்காட்டினருக்கே அவுஷ்விட்ஸ் ஒரு நாஜி வதைமுகாம் என்று தெரிந்திருந்தது. 14 முதல் 16 வயதினரில் 47 விழுக்காடு. 2008-இல் பெர்லின் ஆய்வாளர்கள் நான்கு மாநிலங்களில் 5000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டபோது, கிழக்கு ஜெர்மனியைச் சர்வாதிகாரம் என்று சொல்லத் தயங்கியவர்கள் ஏராளம். கேள்வி கேட்ட விதமே தவறு என்ற மறுப்பும் எழுந்தது. எண்களை அளவுக்கு மீறி நம்ப வேண்டாம், ஆனால் ஒதுக்கவும் முடியாது. 2001-இல் வெளியான பீசா என்ற பன்னாட்டு மாணவர் திறன் ஆய்வின் முடிவுகளில் ஜெர்மனி சறுக்கிய பிறகு, திறன், திறன் என்ற பேச்சு எல்லாப் பாடத்திட்டங்களிலும் ஏறியது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் கவனம் கூடியது. 2015-இல் பெர்லினும் பிராண்டன்பர்க்கும் காலவரிசையைத் தளர்த்தி, கருப்பொருள் வாரியாக நூற்றாண்டுகளைக் குறுக்கே வெட்டும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தபோது வரலாற்று ஆசிரியர்கள் போராடினார்கள். எனக்கு ஆசிரியர்கள் பக்கமே நியாயம் தெரிகிறது. எது முன், எது பின் என்று தெரியாத பிள்ளையால் எந்த ஆவணத்தையும் அதன் காலத்தில் பொருத்த முடியாது. திறன் தகவலின் மேல்தான் நிற்கும்.

இன்னொரு குறை ஆப்பிரிக்கா. 1904 முதல் 1908 வரை இன்றைய நமீபியாவில் ஹெரெரோ, நாமா மக்களை ஜெர்மன் படை கொன்று குவித்தது. 2021-இல்தான் ஜெர்மன் அரசு அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டது. பாடநூல்களில் நெடுங்காலம் ஏகாதிபத்தியம் என்ற பாடத்தில் ஓரிரு பத்திகளில் அது முடிந்தது. இப்போது நிலை மாறிவருகிறது, மெதுவாக.

வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் மாறிவிட்டார்கள். 1961 ஒப்பந்தத்தின்படி துருக்கியிலிருந்து வந்த தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள், சிரியாவிலிருந்து வந்தவர்கள், 1983-க்குப் பின் ஈழத்திலிருந்து வந்த தமிழரின் பிள்ளைகள். இவர்களின் தாத்தா யாரும் நாஜிப் படையில் இருந்தவர் அல்ல. தமிழ்ப் பிள்ளை வார நாளில் ஹிட்லருக்கு முந்தைய வைமார் குடியரசின் வீழ்ச்சியைப் படித்துவிட்டு, வார இறுதியில் தமிழாலயம் என்ற தமிழ்ப் பள்ளியில் ஈழத்தின் வரலாற்றைக் கேட்கிறது. ஜெர்மன் பள்ளியில் ஆவணத்தைக் கேள்வி கேட்கக் கற்ற பிள்ளை, தமிழாலயத்திலும் அதே கேள்விகளோடு உட்காரும். அதைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை. நம் துயரத்துக்கு ஆவணங்கள் உண்டு, கேள்வியைத் தாங்கும் ஆவணங்கள்.

அரசியல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி-யின் துரிங்கியா தலைவர் பியோர்ன் ஹோக்கே, அடிப்படையில் வரலாற்று ஆசிரியர். நினைவுகூரும் அரசியலில் 180 பாகை திருப்பம் வேண்டும் என்று 2017-இல் டிரெஸ்டனில் பேசினார். தடைசெய்யப்பட்ட நாஜிப் படை முழக்கத்தை மேடையில் சொன்னதற்காக 2024 மே மாதம் ஹாலே நீதிமன்றம் அவருக்கு அபராதம் விதித்தது. அது நாஜி முழக்கம் என்று தனக்குத் தெரியாது என்பது அவரது வாதம். அதே கட்சி 2018-இல் ஹாம்பர்க்கில், ‘நடுநிலை’ தவறும் ஆசிரியர்களைப் புகார் செய்ய இணையதளம் திறந்தது. பாய்ட்டல்ஸ்பாக் உடன்பாட்டைத்தான் அதற்கு ஆதாரமாகக் காட்டினார்கள். அந்த உடன்பாடு திணிக்காதே என்றது, மனித கண்ணியத்தை மறுப்பவர் முன்னால் வாயை மூடிக்கொள் என்று சொல்லவில்லை. இதை ஜெர்மன் ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருக்கிறது.

இதற்கிடையில் சாட்சிகள் மறைகிறார்கள். அவுஷ்விட்ஸ் இசைக்குழுவில் வாசித்து உயிர்பிழைத்த எஸ்தர் பெஜரானோ 2021-இல் காலமானார். முதுமையில் பெர்லினுக்கே திரும்பிவந்து பள்ளி பள்ளியாகப் பேசிய மார்கோட் ஃப்ரீட்லாண்டர் 2025 மே மாதம் தன் 103-ஆம் வயதில் மறைந்தார். இனி வகுப்பில் மிஞ்சப் போவது காகிதமும் பதிவுகளும்தான்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது? 2023-இல் 12-ஆம் வகுப்பு என்சிஇஆர்டி நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் நீக்கப்பட்டபோது, எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்றே நாடு சண்டையிட்டது. ஒரு ஆவணத்தை மாணவர் எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரும் பேசவில்லை. இலங்கையில் வரலாற்று நூல் சிங்கள மன்னர்களையே சுற்றுகிறது என்பது தமிழ் ஆசிரியர்களின் நெடுநாள் குறை. பாய்ட்டல்ஸ்பாக்குக்கு எந்த அரசும் ஆணையிடவில்லை, எக்கர்ட்டும் சமாதானம் முழுதாக வரும்வரை காத்திருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலும் மாத்தறையிலும் வரலாறு நடத்தும் ஆசிரியர்கள் ஒரு மேசையில் அமர்ந்து, ஒருவர் நூலை மற்றவர் வரிவரியாகப் படிக்கலாம். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மாதத்துக்கு ஒரு பாடவேளையாவது நூலை மூடிவைத்து, ஒரு கல்வெட்டையோ, ஒரு கடிதத்தையோ, ஒரு நீதிமன்றத் தீர்ப்பையோ பிள்ளைகள் கையில் கொடுத்து, இதை யார் எழுதினார், ஏன் எழுதினார் என்று கேட்கலாம். இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குங்கள்.